பகுதியும் வகையும்: ‘பிரகிருதி’ என்னும் மருத்துவச் சொல்லின் வரலாறும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றனுள் ஒருவர் உடல் எதனைச் சார்ந்தது என அறிந்து அதற்கேற்ப உண்ண வேண்டும். அதற்கேற்ற காய்கறிகளையும் மூலிகைகளையுமே வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க வேண்டும் என்று கூறும் நூல்கள் இன்று பல மொழிகளில் வெளிவருகின்றன. இவற்றுள் பல முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் இந்திய மொழிகளில் பெயர்க்கப்படுபவை. வடமொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற ஒரு கருத்து, ஆங்கில உடையணிந்து இந்திய மொழிகளுக்குத் திரும்பி வருகிறது. ‘பிரகிருதி’ என்று புறப்பட்ட சொல் ‘பாடி டைப்’ ஆகித் தமிழில் ‘உடல் வகை’ என வந்து சேர்ந்துள்ளது.

இத்தகைய வினாத்தாள் ஒன்றன் தமிழ்ப் பெயர்ப்பைப் பார்வையிடும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. ‘உங்கள் உடல் எந்த வகை?’ என்பது அதன் தலைப்பு. அதனை நிரப்பிப் பார்த்த முதிய அம்மையார் ஒருவர், “நான் வாத வகையாம். கீரையும் மொச்சையும் இனி ஆகாதாம். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது இனிமேல் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?” என்று கேட்டார். அவர் கேட்டது மருத்துவ வினாவாகத் தோன்றினும் அதனடியில் மொழியியல் வினா ஒன்று உள்ளது. மூல நூல்களில் ‘பிரகிருதி’ என்பது ஒருவரை ஒரு வகுப்பில் அடைக்கும் சொல்லா? ‘ஒத்துக்கொள்ளுதல்’ என்று அவர் சொன்ன வினைக்கு அந்நூல்களில் என்ன இடம்?

இவ்வினா இன்று நூலறையோடு நிற்பதன்று. 2024 நவம்பரில் நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம் பிரகிருதியைக் கண்டறியும் இயக்கத்தை நாடு முழுவதும் தொடங்கியது; கைப்பேசிச் செயலியின் வழியே மக்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. வினாக்கள் மக்களின் மொழியில் அமையும்போது ஒவ்வொரு சொல்லும் ஒருவர் தம் உடலைப் பற்றிக் கொள்ளும் எண்ணத்தை உருவாக்குகிறது. எனவே அச்சொல்லின் வரலாற்றை ஆராய்வது மொழிபெயர்ப்பாளர் கடமையாகிறது. மருத்துவ முறையின் பயனை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

2. ஒரு சொல், மூன்று துறைகள்

வடமொழியில் ‘பிரகிருதி’ என்பது மாற்றத்திற்கு முன் நிற்கும் அடிப்படை நிலையைக் குறிக்கும். அதற்கு இணையாக நிற்பது ‘விகிருதி’; அடிப்படை அடையும் மாற்றம் என்பது அதன் பொருள். இலக்கணம், சாங்கியம், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளும் முதற்சொல்லைப் பயன்படுத்தின. இலக்கணத்தில் அது ஈறு ஏற்கும் அடிச்சொல். சாங்கியத்தில் அது உலகம் தோன்றுதற்கு மூலமான முதற்பொருள். மருத்துவத்தில் அது உடலின் இயல்பு நிலை.

தமிழில் இச்சொல் ‘பகுதி’ என வடிவம் கொண்டது என்பது அறிஞர் பலர் கருத்து. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் பகுபத உறுப்புகள் ஆறனுள் முதலிரண்டாகப் பகுதியையும் விகுதியையும் எண்ணுகிறது. வடமொழி இலக்கணத்தில் பிரகிருதியோடு இணைவது ‘பிரத்தியயம்’ ஆகும். தமிழிலோ ‘விகுதி’ இணைந்துள்ளது. ஆகவே தமிழ் இலக்கணச் சொல்லிணை, சாங்கியமும் மருத்துவமும் வழங்கும் இணையின் வடிவத்தைப் பெற்றுள்ளது எனலாம்.

பிற இரு துறைகளுக்கும் பரிமேலழகர் உரை சான்றாகிறது. குறள் 27இன் உரையில் சாங்கியக் கொள்கையை விளக்குமிடத்து ‘மூலப்பகுதி’, ‘விகுதி’ ஆகிய சொற்களை அவர் ஆளுகிறார். மருந்து அதிகாரத்தின் முதற்குறளாகிய 941இன் உரையிலோ அதே ‘பகுதி’ மருத்துவப் பொருளில் வருகிறது. அக்குறள் மூன்று நோய்க் காரணங்களுள் முதலாவதாகிய வளியை மட்டுமே பெயர் சுட்டிக் கூறுகிறது. உரையாசிரியர் மூன்றையும் விரித்து, வாதப்பகுதி, பித்தப்பகுதி, ஐப்பகுதி என்னும் பாகுபாட்டையும் அதனுள் அடக்கிக் காட்டுகிறார். உணவும் செயலும் ஒருவனுடைய பகுதிக்கு ஒத்த அளவில் அமைய வேண்டும் என்பது அவர் கொண்ட பொருள். அவ்வொத்தல் சுவையாலும் வீரியத்தாலும் அளவாலும் பொருந்துதல் என்றும் அவர் வரையறுக்கிறார்.

‘உடலுக்கேற்ற உணவு’ என்று இன்று பேசப்படும் கருத்து, தமிழ் உரைநடையில் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே செறிவாகச் சொல்லப்பட்டுள்ளது. அங்கு ‘வகை’ என்னும் சொல் பகுதியின் இடத்தைப் பிடிக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

3. சரக, சுசுருத நூல்களில் பிரகிருதி

சரக சம்கிதை நோயாளியை ஆராய வேண்டிய பத்துக் கூறுகளை விமானத்தானத்தின் எட்டாம் இயலில் கூறுகிறது. முதலில் பிரகிருதி, அதனையடுத்து விகிருதி, பின்னர்த் தாதுக்களின் சாரம், உடற்கட்டு, உடலளவு, ஒத்தல் எனப் பொருள்படும் ‘சாத்மியம்’, மனவலிமை, உண்ணும் ஆற்றல், உழைக்கும் ஆற்றல், வயது என்பன. பிரகிருதி தனித்து நிற்பதில்லை. அது பத்தில் ஒன்று; விகிருதியோடு ஒப்பிடுதற்குரிய அடிநிலை. இலக்கணம் கற்றார்க்கு இவ்வுறவு புதிதன்று. விகுதி ஏற்ற சொல்லைப் பகுத்தே நாம் பகுதியைக் காண்கிறோம். அதுபோல மாறிய உடலின் வழியே மாறாத அடிநிலையை மருத்துவர் ஊகித்தறிகிறார்.

அந்நூல் வாதம் மிக்காரை ‘வாதலர்’ என்றும், பித்தம் மிக்காரைப் ‘பித்தலர்’ என்றும், கபம் மிக்காரைச் ‘சிலேஷ்மலர்’ என்றும் குறிக்கிறது. இங்கு வரும் ‘ல’ ஈறு உடைமையையும் மிகுதியையும் உணர்த்துவது. ‘வாதம் மிக்கவர்’ என்பது ஓர் அளவு பற்றிய கூற்று. ‘வாத வகையினர்’ என்பது ஓர் இனம் பற்றிய கூற்று. மூன்றும் சமமாக அமைந்தவரே நோயற்றவர் என்றும், ஒன்று மிக்கவர் எப்போதும் நோய்க்கு இடமாவர் என்றும் சூத்திரத்தானத்தின் ஏழாம் இயல் கூறுகிறது. விமானத்தானத்தின் ஆறாம் இயலில் இது பற்றி ஒரு வாதமே நிகழ்கிறது. மூன்றும் சமமான மனிதர் எவரும் இலர் என்று சிலர் கூற, ஆத்திரேயர் அதனை மறுக்கிறார். சமநிலையே பிரகிருதி, ஒன்று மிக்கிருத்தலைப் பிரகிருதி என்றல் பொருந்தாது என்பது அவர் கொள்கை.

சுசுருத சம்கிதை இதனின் வேறுபடுகிறது. அதன் சாரீரத்தானம் தனித்த மூன்று, இரண்டிரண்டு சேர்ந்த மூன்று, மூன்றும் சேர்ந்த ஒன்று எனப் பிரகிருதி ஏழு என்கிறது. நஞ்சில் பிறந்த புழுவை அந்நஞ்சு கொல்லாதவாறு போல, ஒருவருடைய பிறவியியல்பு அவரை வருத்துவதில்லை எனவும் உவமை கூறுகிறது. அட்டாங்க இருதயம் ஏழனுள் சமநிலையைச் சிறந்ததென்றும், இரண்டு தோஷம் கூடியதை இழிந்ததென்றும் தரப்படுத்துகிறது. பிரகிருதி என்பது ஒருவரது நிலையான இயல்பா, அன்றி நலத்திலிருந்து விலகிய அளவா என்பது மூல நூல்களிலேயே விவாதத்திற்குரியதாக இருந்தது. ‘வகை’ என்று பெயர்ப்பவர், தாம் அறியாமலே அவ்விவாதத்தில் ஒரு பக்கம் சார்ந்து தீர்ப்பு வழங்கிவிடுகிறார்.

குறிகளைக் கூறும் முறையும் நோக்கத்தக்கது. வாதத்தின் குணங்களைச் சரகம் முதலில் எண்ணுகிறது. ஒவ்வொரு குணத்திலிருந்தும் உடற்குறிகளை வருவிக்கிறது. வறட்சியால் வறண்ட உடலும் குன்றிய குரலும் விழித்திருத்தலும். இலேசால் விரைந்த நடை. அசைவால் நிலையற்ற மூட்டும் புருவமும். விரைவால் விரைந்து கற்றலும் விரைந்து மறத்தலும். குளிர்ச்சியால் குளிர் பொறாமை. குணமே காரணம், குறி அதன் விளைவு. வினாத்தாள் இக்குணங்களை நீக்கிவிட்டுக் குறிகளை மட்டும் பட்டியலிடும்போது காரணத் தொடர் அறுந்து, எண்ணிக்கை மட்டும் எஞ்சுகிறது.

4. உணவும் ஒத்தலும்

உணவு பற்றிய பகுதியில் மொழிபெயர்ப்பாளர் இடறக்கூடிய இடம் ஒன்றுண்டு. விமானத்தானத்தின் முதல் இயல், உணவின் நன்மை தீமைகளை உறுதி செய்யும் காரணங்கள் எட்டு என்கிறது. பிரகிருதி, சமைத்தல் முதலிய பக்குவம், சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் நெறி, உண்பவர் என்பன அவை. இங்கு முதலில் நிற்கும் பிரகிருதி உண்பவருடையதன்று, உணவுப் பொருளுடையது. உளுந்து இயல்பாகவே மந்தமானது, பாசிப்பயறு இலேசானது என்பது நூல் தரும் எடுத்துக்காட்டு. உண்பவர் எட்டாவதாக வருகிறார். அவரைச் சார்ந்தே பழக்கத்தால் அமையும் ஒத்தல் பேசப்படுகிறது. ‘பிரகிருதி’ வருமிடமெல்லாம் ‘உடல் வகை’ என்று இயந்திரம்போல் பெயர்த்தால் இவ்விடத்தில் உளுந்துக்கும் உடல் வகை கற்பிக்க நேரும்.

உண்பவரின் இயல்புக்கேற்ற விதி எதிர்க்குண விதியாகும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு ஆகியவை வாதத்தைத் தணிக்கும். இனிப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகியவை பித்தத்தைத் தணிக்கும். கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகியவை கபத்தைத் தணிக்கும் என்பது மரபு. ஒன்று மிக்கவர்க்கு அதன் எதிர்க்குணம் நன்று. மூன்றும் சமமானவர்க்கு ஆறு சுவையும் சமமாகச் சேர்ந்த உணவே நன்று. ஆகவே ‘உடலுக்கேற்ற உணவு’ என்னும் தொடர் ஒருவகையில் மயக்கம் தருவது. நூல் கருதுவது உடலின் மிகுதியை ஒத்த உணவையன்று. அம்மிகுதியைச் சமன்செய்யும் உணவை.

இவ்விதிக்கு ஈடாக நிற்பது ‘சாத்மியம்’. நெடுநாட் பழக்கத்தால் ஒருவர்க்கு ஒத்துப்போனது அவருக்கு நன்மையாகவே அமையலாம் என்பது இக்கருத்து. விட வேண்டிய பழக்கத்தையும் ஒரே நாளில் விடலாகாது. கால் பங்காகப் படிப்படியே குறைத்து, நல்லதை அவ்வாறே கூட்டுக என்று சரகம் விதிக்கிறது. ஓர் அட்டவணையைப் பார்த்து மறுநாளே கீரையை நிறுத்துதல் அந்நூல் வகுத்த நெறிக்கும் மாறானது.

தமிழில் சாத்மியத்திற்கு ஆயத்தமான சொல் உண்டு. ‘இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாள்தோறும் சொல்கிறோம். அவ்வினையில் உடல், பொருள், இடம், காலம் நான்கும் அடங்குகின்றன. குறளின் மருந்து அதிகாரம் பசியறிதலையும், அளவறிதலையும், மாறுபாடில்லாத உணவையும் வற்புறுத்துகிறது. ‘மாறு’, ‘ஒத்தல்’ என்னும் இணை சரகத்தின் ‘விருத்தம்’, ‘சாத்மியம்’ என்னும் இணைக்கு நேராக நிற்கிறது. பரிமேலழகரும் ‘ஒத்த’ என்னும் சொல்லையே தெரிந்தெடுத்தது தற்செயலன்று எனத் தோன்றுகிறது.

5. நிலமும் மரமும்

தோட்டம் பற்றிய மரபு இதனினும் வேறானது. மருத்துவ நூல்கள் நிலத்தை ஜாங்கலம், ஆனூபம், சாதாரணம் என மூன்றாகப் பகுக்கின்றன. ஜாங்கலம் வறண்டு திறந்த நிலம். வாதபித்த மிகுதிக்கு இடமாவது. ஆனூபம் நீர் நிறைந்த சதுப்பு நிலம், கபத்திற்கு இடமாவது. சாதாரணம் இரண்டன் இயல்பும் கலந்த நடுநிலை. ஆங்கிலத்தில் அடர்காட்டைக் குறிக்கும் ‘ஜங்கிள்’ என்னும் சொல் வறண்ட நிலத்தைக் குறித்த ‘ஜாங்கல’ என்பதிலிருந்து பொருள் தலைகீழாக மாறிச் சென்றதைப் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா சிம்மர்மன் 1982இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். நிலத்தைப் பற்றிய இம்மாற்றம், உடலைப் பற்றிய சொற்களைக் கையாள்வோர்க்கும் எச்சரிக்கையாகும்.

மரவளர்ப்புக் கலைக்கு ‘விருட்சாயுர்வேதம்’ என்பது பெயர். வேளாண்மையைக் கண்காணிக்கும் அதிகாரி இக்கலையை அறிந்தவராகவோ அறிந்தாரைத் துணைக்கொண்டவராகவோ இருக்க வேண்டும் என்று அர்த்தசாத்திரம் கூறுகிறது. வராகமிகிரரின் பிருகத்சம்கிதையில் இதற்கெனத் தனி இயல் உள்ளது. 14ஆம் நூற்றாண்டின் சார்ங்கதர பத்ததியில் ‘உபவன வினோதம்’ என்னும் பகுதி இடம்பெற்றுள்ளது. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதத்தின் சுவடி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்து பெறப்பட்டு, நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1996இல் செகந்தராபாத்தில் வெளியாயிற்று.

சுரபாலர் மரநோய்களை அகநோய், புறநோய் எனப் பிரிக்கிறார். புழுவும் குளிரும் போன்றவற்றால் வருவது புறநோய். வாத, பித்த, கபங்களால் வருவது அகநோய். வாதத்தால் அடிமரம் மெலிந்து கோணும், முடிச்சுகள் தோன்றும், கனி சாறற்று வன்மையாகும். பித்தத்தால் இலை மஞ்சளாகிக் காய் பருவத்திற்கு முன் உதிரும். கபத்தால் காய்ப்பதற்குக் காலம் நீளும், வளர்ச்சி குன்றும். மருந்தும் எதிர்க்குண விதியே. வாதத்திற்கு ஊன், கொழுப்பு, நெய் முதலியன. பித்தத்திற்குப் பால், தேன், அதிமதுரம் போன்ற குளிர்ந்த இனிய பொருள்கள். கபத்திற்குக் கைப்பும் துவர்ப்புமான கஷாயங்கள், வேரடியில் வெண்கடுகு அரைப்பு, பழைய மண்ணை நீக்கி உலர்ந்த புதுமண் இடுதல் ஆகியன.

இங்குத் தோஷம் மரத்தினுடையது, தோட்டக்காரருடையதன்று. ‘உன் உடல் வகைக்கேற்பத் தோட்டம் அமை’ என்னும் இன்றைய அறிவுரையில் தோட்டம் உரிமையாளரின் உடலுக்கு நிழலாகிவிடுகிறது. சுரபாலரிடம் மரமே நோயாளி. அதன் இலையையும் கனியையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மனிதர்க்கும் மரத்திற்கும் பொதுவாக நிற்பது உற்றுநோக்கி ஒத்ததை அளிக்கும் முறையாகும்.

இத்துறையில் மொழிபெயர்ப்பாளர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஊனை வேகவைத்துப் புளிக்கச் செய்யும் உரநீரின் பெயர் ‘குணபஜலம்’. வடமொழியில் ‘குணப’ என்பது பிணத்தைக் குறிக்கும். தமிழ் எழுத்தில் அது ‘குணம்’ என்னும் சொல்லை நினைவூட்டி, குணமளிக்கும் நீர் என்று பொருள்பட வாய்ப்பளிக்கிறது. ஒலிபெயர்ப்பே போதும் என்று கருதுவார்க்கு இது தக்க விடை.

6. ஆங்கிலத்தின் வழியே நிகழ்ந்த மாற்றம்

ஐரோப்பியர் தோஷத்தை ‘ஹியூமர்’ என்று பெயர்த்தனர். அது கிரேக்க மருத்துவத்தின் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களைக் குறிக்கும் சொல். அந்நான்கனுள் வாதம் இல்லை. மேலும் ‘தோஷம்’ கெடுத்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது; நீர்மம் என்னும் பொருள் அதற்கு இல்லை. சித்த மருத்துவத் தமிழ் ‘முக்குற்றம்’ என்று வழங்குவது இவ்வகையில் மூலத்திற்கு மிக அணித்தானது.

பிரகிருதிக்கு ஆங்கிலத்தில் ‘டெம்பரமென்ட்’, ‘கான்ஸ்டிடியூஷன்’, ‘டைப்’ ஆகிய மூன்றும் வழங்கின. முதலாவது இலத்தீனில் உரிய அளவிற் கலத்தலைக் குறித்த சொல். யூனானி மருத்துவத்தின் ‘மிஜாஜ்’ என்பதும் கலப்பு என்னும் பொருளுடையதே. இரண்டாவது அமைப்பைக் குறிப்பது. மூன்றாவதோ அச்சில் வார்த்த வடிவம் என்னும் பொருளிலிருந்து வகுப்பு என்னும் பொருளை எய்தியது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1940இல் மனித உடலை மூன்று கூறுகளின் அடிப்படையில் வகைப்படுத்தியதும் ‘உடல் வகை’ என்னும் கருத்து அந்நாட்டில் பரவத் துணை செய்தது. 1990களின் தொடக்கத்தில் தீபக் சோப்ராவின் ‘பெர்ஃபெக்ட் ஹெல்த்’ போன்ற நூல்கள் ஆயுர்வேதத்தை அறிமுகம் செய்தபோது, வாசகர் தாமே நிரப்பும் வினாத்தாளும் ‘பாடி டைப்’ என்னும் சொல்லும் முன்னின்றன. கலப்பிலிருந்து அமைப்புக்கும், அமைப்பிலிருந்து அச்சுக்கும் பொருள் நகர்ந்தது. அளவாக இருந்தது அடையாளமாயிற்று.

7. முடிவுரை: பெயர்ப்பாளர் கருதத்தக்கன

பரிமேலழகர் வழங்கிய ‘பகுதி’யை இன்று மீட்டெடுத்தல் அரிது. பொதுவழக்கில் அது கூறு, இடம் என்னும் பொருள்களில் நிலைத்துவிட்டது. ‘வாதப்பகுதி’ என்றால் உடலில் வாதம் உள்ள இடம் என்றே கொள்வர். சித்த மருத்துவர் வழங்கும் ‘வாத தேகி’ துறைக்குள் விளங்கும்; வெளியே விளக்கம் வேண்டும். ‘ஐயம்’ என்பது கபத்தைவிடச் சந்தேகத்தையே முதலில் உணர்த்துகிறது. பேச்சுவழக்கின் ‘சூட்டு உடம்பு’, ‘குளிர்ச்சி உடம்பு’ என்பன இரண்டாகப் பகுப்பவை, மூன்றோடு பொருந்தா.

எனவே மூன்று பரிந்துரைகள் இங்கு முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, மனிதரைக் குறிக்குமிடத்தில் பிரகிருதியை ‘உடலியல்பு’ எனவும், பொருளைக் குறிக்குமிடத்தில் ‘பொருளியல்பு’ எனவும், விகிருதியைத் ‘திரிபு’ எனவும் பெயர்க்கலாம். இயல்பும் திரிபும் இலக்கண மாணவர் அறிந்த இணை. இரண்டாவது, ‘வாத வகையினர்’ என்பதை விடுத்து ‘வாதம் மிக்கவர்’ என எழுதுவது மூலத்தின் ஈற்றுப் பொருளைக் காக்கும். மூன்றாவது, சாத்மியத்தை ‘ஒத்தல்’ என்றே பெயர்த்து, வினாத்தாளில் அதற்கெனத் தனி வினா அமைக்க வேண்டும்: ‘நீங்கள் நெடுநாளாக உண்டு வருவனவற்றுள் உங்களுக்கு ஒத்துக்கொள்பவை எவை?’

அந்த அம்மையார் கேட்டது இவ்வினாவையே. அவருக்குக் கிடைத்த தாளில் அதற்கு இடமில்லை. பத்துக் கூறுகளுள் ஒன்றை மட்டும் பெயர்த்து, ‘சாத்மியம்’ என்னும் ஆறாவதை விட்டுவிட்டதே காரணம். சரகம் வகுத்த ஆய்வுமுறையில் அவ்வினாவுக்கு உரிய இடம் முன்னரே உண்டு. அவர் அதனைக் கேட்ட தமிழ்ச்சொல்லும் அதற்கு மிகப் பொருத்தமானது.